வாரம் இருபது லிட்டர்

எங்கள் தெருவில் அந்த ஜீப்புக்குக் குடிகாரன் என்று பெயர். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் ஓடும், மேடு வந்தால் அதற்கும் மூக்கால் அழும். ஜீப்புக்காரர் அந்தப் பெயருக்காக யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. "குடிச்சாலும் வேலைக்கு ஒழுங்கா வர்றவன்" என்பார். அது உண்மை. இருபத்தாறு வருஷத்து வண்டி. கல், மரக்கட்டை, சிமென்ட் மூட்டை, வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சி என்று அது ஏற்றாதது எதுவுமில்லை. மற்ற வண்டிகள் சேற்றில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது இவர் சின்னக் கியர் ஒன்றைப் பிடித்து இழுப்பார். முன் சக்கரங்களுக்கும் இழுவை வந்துவிடும். நாலையும் ஊன்றி ஏறிப் போய்விடும்.

என் தையல் கடையும் அவர்களுடைய வண்டிக் கொட்டகையும் ஒரே கட்டிடம். நடுவில் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் என் ஊசி தப்பும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. காதைப் பொத்திக்கொள்கிற பழக்கமும் இல்லை.

ஜீப்புக்காரரை நான் அண்ணன் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். மத்தியானங்களில் என் கடையில் உட்கார்ந்து காஜா எடுத்துக் கொடுப்பாள். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகும் வாய் மட்டும் கெடவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். போக நாற்பத்தாறு கிலோமீட்டர், வர நாற்பத்தாறு. வீட்டிலிருந்து நாலாவது கிலோமீட்டரில் ஒரு செம்மண் மேடு. அதை ஏறிவிட்டால் பிறகு தார் ரோடு.

எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த வருஷம் அது. முதலில் பஸ் நின்றது. பிறகு வண்டி ஒன்றுக்கு வாரம் இருபது லிட்டர் டீசல் என்று சீட்டு போட்டார்கள். அண்ணன் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தார். நோயாளிகளுக்குத் தனியாக வரும், எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்கள். எழுதிப் போட்டது போட்டபடியே கிடந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் அறை பிடிக்கலாம் என்று போய்ப் பார்த்தார். நம்மைப் போலவே யோசித்தவர்கள் எத்தனையோ பேர், ஒரு வராந்தாகூடக் காலியில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கேட்டுப் பார்த்தோம். முதல் வாரம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அண்ணன் தெருவில் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை.

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. அடுத்த செவ்வாய் போனபோது வெள்ளிக்கிழமைக்கான இடம் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. மெஷின்கள் குறைவு, ஆட்கள் அதிகம். வராதவர்களுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை என்று ஓடியது. அந்த மாதத்தை நான் மறக்க மாட்டேன். போய்வந்த மூன்று நாள் அக்கா அக்காவாக இருப்பாள். நாலாவது நாள் கால் வீங்கும். பிறகு முகம். படுத்தால் மூச்சு முட்டும் என்று என் கடைத் துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடப்பாள். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. அண்ணன் மருந்து மூடியில் அளந்து கொடுப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் என்னைப் பார்த்து, "ஒரே ஒரு மடக்குடி, நீ பார்க்கலைன்னு நினைச்சுக்கோ" என்பாள். நான் தர மாட்டேன். பாவி என்று திட்டுவாள். திட்டுவதற்குக்கூட அவளுக்கு நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அக்காவின் தம்பி மெக்கானிக். தெருக்கோடியில் சின்னதாக ஓர் ஒர்க்‌ஷாப். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்த்தவள் அக்காதான். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்கிற ஆள். ஒரு நாள் மூவரும் கொட்டகையில் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். நானும் கத்தரிக்கோலோடு போய் நின்றேன்.

"வாரம் ரெண்டு தடவ போய்வர நூத்தி எண்பத்தி நாலு கிலோமீட்டர்" என்றார் அண்ணன். "இருபது லிட்டருக்கு இவன் ஓடுறது நூத்தி நாப்பது. ஒண்ணரைத் தடவ."

"அரைத் தடவன்னா என்னங்க? பாதி வழியில என்னை இறக்கி விட்டுட்டு வந்துடுவீங்களா?" என்றாள் அக்கா.

"சும்மா இருடி. நீ சொல்லு மச்சான். லிட்டருக்கு ஒம்பதே கால் வேணும். வருமா?"

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வர வைக்கணும் மாமா" என்றான்.

அடுத்த பத்து நாள் அவன் தன் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவில்லை. ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தான். மூன்று சக்கரம் சுற்றியது. பின்னால் இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. "இத்தனை நாளா பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் வண்டி ஓட்டியிருக்கீங்க" என்றான். அண்ணன் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். காற்று வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் சேறாகிக் கிடந்தது. டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் நாலையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பால் வண்டியில் தொற்றிக்கொண்டு கீழே பம்ப் கடைக்குப் போய்ச் சரிபார்த்து வாங்கி வந்தான். வால்வுகளின் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தான். டயரில் காற்றை ஏற்றினான். பின் பெஞ்சுகள், மேலே இருந்த இரும்புக் கேரியர், கனமான பின் கதவு எல்லாம் வாசலுக்கு வந்தன.

"என்னையும் எடை போட்டுடு தம்பி. நாலு கிலோ குறைச்சுக்கிட்டு ஏறிக்கிறேன்" என்றாள் அக்கா.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தான். ஜீப்பின் கான்வாஸ் கூரை தொளதொளவென்று காற்றைப் பிடித்து வண்டியைப் பின்னால் இழுக்கிறதாம். அளவெடுத்து இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் பிடித்துத் தைத்தேன். மிஷின் ஊசி மூன்று உடைந்தது. குடிகாரனுக்கு ஜாக்கெட் தைத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டாங்கைக் கழுத்து வரை நிரப்பி ஓட்டிவிட்டு வந்து, மறுபடி கழுத்து வரை அளந்து ஊற்றினார்கள். எட்டரை வந்தது. அண்ணன் கைதட்டிவிட்டார். மெக்கானிக் தட்டவில்லை.

"பத்தாது மாமா. முன் ஷாஃப்டைக் கழட்டிடலாம்."

"கழட்டினா முன் சக்கரத்துக்கு இழுவை வராதேடா."

"நாம இழுவை போடாதப்பவும் அது வெட்டியா சுத்திக்கிட்டேதான் இருக்கு. அதைச் சுத்த வைக்கிறதும் நம்ம டீசல்தான். எட்டு போல்ட்டு. மழைக்கு முன்னால மாட்டிக்கலாம். அப்புறம், நாப்பதுக்கு மேல நீங்க வேகம் போகக் கூடாது."

கழற்றினார்கள். ஓர் ஆளின் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் மூட்டு. ஒம்பதே காலே அரைக்கால் என்று ஏதோ கணக்குச் சொல்லி, கடைசியில் ஒம்பதரைக்குக் கொஞ்சம் குறைவு என்று முடித்தான். அண்ணன் ஜீப்பின் மூக்கில் முத்தம் கொடுத்தார். சத்தியமாக நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை இடத்தைத் திரும்ப வாங்கினார்கள். "இனி ஒரு வெள்ளி தவறினாலும் என்கிட்ட வந்து நிக்காதீங்க. வெளியில பதினோரு பேர் இருக்காங்க" என்றாராம் நர்ஸ்.

அதற்குப் பிறகு வந்த மூன்றரை மாதம் நல்ல காலம். அக்காவின் முகத்தில் முகம் திரும்பி வந்தது. காஜா எடுத்தாள். மல்லாந்து படுத்துத் தூங்கினாள். ஒரு நாள் தானே சமைத்து எனக்கும் ஒரு தட்டு கொண்டு வந்தாள். உப்பே இல்லை, அவளுக்கு உப்பு ஆகாது. நான் வழித்துத் தின்றேன். அண்ணன் மிதமாக ஓட்டிக்கொண்டு போவார். மாட்டு வண்டிக்காரன்கூட ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிக்கிறான் என்று அக்கா கேலி செய்வாள்.

பிறகு மழை பிடித்தது. முதலில் தூறல்தான். ஒரு வெள்ளிக்கிழமை செம்மண் மேட்டில் பின் சக்கரம் வழுக்கி, வண்டி குறுக்கே திரும்பி, எப்படியோ ஏறிவிட்டது. மறுநாள் காலையில் அண்ணன் மெக்கானிக்கிடம் "இன்னைக்கே மாட்டிடு மச்சான்" என்று சொல்லிவிட்டு டீசல் சீட்டு வாங்க நடந்து போனார். அலுவலகம் வரைக்கும்கூட ஜீப்பை எடுக்காத காலம் அது.

மெக்கானிக் ஷாஃப்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அக்கா கொட்டகை வாசலில் நின்றுகொண்டாள்.

"அதை வெளிய வைடா."

"மாமா மாட்டச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"மாட்டினா எவ்வளவு ஓடும்?"

"எட்டரை. சேத்துல இழுவை போட்டு ஓட்டினா எட்டும் வராது."

"அப்போ மூணு வாரத்துக்கு ஒரு தடவ டீசல் பத்தாது. ஒரு வெள்ளி போகாம நின்னா இடம் போச்சு. இடம் போனா வாரம் ஒரு தடவ. சரிதானே? நான் படிக்காதவதான், ஆனா இந்தக் கணக்கு எனக்கு வரும்."

"சேத்துல நின்னுட்டா என்னக்கா பண்ணுவ?"

"நிக்காமலும் போகலாம்ல? அது நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். வாரம் ஒரு தடவங்கிறது நிச்சயம்டா. மூணு நாள் மனுஷி, நாலு நாள் பொணம். இவ கடைத் துணி மூட்டையில கிடந்தேனே, இவளைக் கேளு." என்னைக் கை காட்டினாள். "எனக்கு ஏழு நாளும் வேணும். கொஞ்ச காலம்தான்னாலும் ஏழு நாளும் முழுசா வேணும்."

"மாமாகிட்ட என்ன சொல்ல?"

"மாட்டிட்டான்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது. என் மேல ஆணை."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் சொல்லியிருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அந்த வீங்கிய மாதம்தான் நினைவுக்கு வந்தது. "என் கடையில வைங்க. மூட்டைக்குப் பின்னால யாரும் பார்க்க மாட்டாங்க" என்றேன். இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

அண்ணன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்திருக்கலாம். பெண்டாட்டி சொன்ன பிறகு எந்த மனுஷன் குனிந்து பார்ப்பான்?

செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. போனார்கள், ஆனால் வேலை நடக்கவில்லை. மெஷினுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரம் பழுதாம், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று எல்லோரையும் திருப்பிவிட்டார்கள். அக்கா என் கடைக்குள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளைத் தேற்றுவதற்காகவோ என்னவோ அண்ணன் சத்தமாகச் சொன்னார்: "பார்த்தியா, ஷாஃப்ட் மாட்டியும் குடிகாரன் அதிகமா குடிக்கல. அதே ஒம்பதரை. உன் தம்பி கை ராசி." அக்கா தலையாட்டினாள். நான் துணியை வெட்டுவதாகப் பாவனை செய்தேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மழை கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்குக் காலணி போட முடியவில்லை, பாதம் அப்படி வீங்கியிருந்தது. அண்ணன் அவளைத் தூக்கித்தான் ஜீப்பில் உட்காரவைத்தார். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் மாட்டியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் போய்விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து, சேற்றுக்குப் பயந்து அன்று வண்டியை எடுக்காமல் சைக்கிளில் போயிருந்த பால் வண்டிக்காரர் மழையில் நனைந்துகொண்டு வந்து, "ஜீப் மேட்டுல நிக்குது, மெக்கானிக்கை வரச் சொன்னாரு" என்றார். மெக்கானிக் என் கடைக்குள் வந்தான். மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு ஷாஃப்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினான். நான் தார்ப்பாயையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நாலு கிலோமீட்டர். இரும்பைத் தூக்கிக்கொண்டு அவன் ஓட, அதில் பாதி கனம்கூடத் தூக்காத என்னால் அவனைப் பிடிக்க முடியவில்லை.

மேட்டின் நடுவில் ஜீப் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. பின் சக்கரங்கள் பாதிக்குமேல் சேற்றில். அண்ணன் கல்லும் கிளையும் போட்டுப் பார்த்திருக்கிறார், கையெல்லாம் ரத்தம். மெக்கானிக்கின் தோளில் இருந்ததைப் பார்த்தார்.

"இது எப்படிடா உன்கிட்ட இருக்கு?"

அவன் ஷாஃப்டை இறக்கி வைத்தான்.

"சனிக்கிழமை மாட்டலியா? நான் கியரை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், முன் சக்கரம் அசைய மாட்டேங்குது. மாட்டலியாடா?"

மெக்கானிக் ஒரு தடவை அக்காவைப் பார்த்தான். "மறந்துட்டேன் மாமா" என்றான்.

"மறந்துட்டியா?"

அதற்குள் அவன் சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். நான் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டேன். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவன் காது வரைக்கும் தண்ணீர். ஒரு போல்ட் கையிலிருந்து நழுவிச் சேற்றில் போனது. துழாவினான், கிடைக்கவில்லை. ஏழோடு இறுக்கினான்.

அக்கா முன்னால் குனிந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கிட்டே போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"சொல்லாத" என்றாள். அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு பிடித்தது.

அண்ணன் கியரை இழுத்து வண்டியை எடுத்தார். முன் சக்கரங்கள் மண்ணைப் பிடித்தன. அவ்வளவு நேரம் நின்ற வண்டி, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சுலபமாக ஏறி மறைந்துவிட்டது. மெக்கானிக் சேற்றில் உட்கார்ந்தபடி அந்தத் தடத்தையே பார்த்தான்.

ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அக்கா போய்விட்டாள். அண்ணன் அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை, கேட் தெரிஞ்சுது என்று மட்டும்தான் சொன்னார்.

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம், நின்றிருந்த பத்துப் பேர் முன்னால் அண்ணன் மெக்கானிக்கிடம் சொன்னார்: "உன்னைப் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தா. எட்டு போல்ட்டு மாட்ட உனக்கு மறந்து போச்சு. இனிமே என் வாசல்ல கால் வைக்காத." அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

நான் பின்னாலேயே போனேன். "நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம். என்னை வெறுத்துட்டுப் போகட்டும். அக்காவை வெறுக்கக் கூடாது."

பதினாறு நாள் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் ஒர்க்‌ஷாப் கதவு திறக்கவில்லை. பால் வண்டிக்காரர் வைத்துவிட்டுப் போன பால் வாசலிலேயே புளித்துக் கிடந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார், வண்டியை எங்கும் எடுக்க மாட்டார். ஒருவன் அங்கே, ஒருவர் இங்கே. நடுவில் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டு நான். பதினேழாவது நாள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

"அண்ணே, தம்பி மறக்கல."

அவர் திரும்பவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை அக்கா வாசலில் நின்றது, ஆணையிட்டது, எட்டரைக் கணக்கு, ஏழு நாளும் வேணும் என்று அவள் சொன்னது. மூட்டைக்குப் பின்னால் வைக்கச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன், ஆனால் எதையும் விடவில்லை.

அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "என்கிட்ட அவ சொல்லியிருந்தா?"

"மாட்டியிருப்பீங்க."

"ஆமா. மாட்டியிருப்பேன். வாரம் ஒரு தடவ கூட்டிட்டுப் போயிருப்பேன். அவ மூச்சு முட்டுறதைப் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்திருப்பேன்." ஸ்டியரிங்கைத் தடவினார். "ஆனா இருந்திருப்பா."

"அண்ணே..."

"இருந்திருப்பாடி. இங்க உட்கார்ந்து என்னைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பா."

இறங்கினார். செருப்பைத் தேடிப் போட்டார். தெருக்கோடியைப் பார்த்து நடந்தார். அவர் ஒர்க்‌ஷாப் கதவைத் தட்டுவது எனக்கு இங்கே கேட்டது. "மச்சான், கதவைத் திற. சாப்பிட்டியா இல்லியாடா நீ?" என்று அவர் கூப்பிட்டதும் கேட்டது.

இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் சோறு போட்டுக்கொள்கிறார்கள். மெக்கானிக் என் கடையைத் தாண்டும்போது ஒரு தலையசைப்பு உண்டு. அண்ணன் என்னோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், அது போதும் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கடையைத் திறக்கிறேன்.